துருக்கிப் படம் என்றால் ஹலாலா? 'பஸ்கின்' பார்த்த பிள்ளைகளும் நாங்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம்.

விஷயம் கட்டுரைக் கொப்பியில் தொடங்கியது. தரம் 10 பிள்ளைகளுக்கு 'நான் பார்த்த திரைப்படம்' என்று ஒரு தலைப்புக் கொடுத்திருந்தோம். வழமையாக வருவது எங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் விஜய் படம் எழுதுவார்கள். நாலைந்து பேர் பாடசாலையில் போட்டுக் காட்டிய அந்த ஈரானியச் சப்பாத்துப் படத்தை எழுதுவார்கள், அதுதான் சேருக்குப் பிடிக்கும் என்று. இந்த முறை மூன்று கொப்பிகளில் 'பஸ்கின்' என்று இருந்தது. ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் "அது ஐஸ்கிரீம் கம்பனியல்லவா?" என்று கேட்டார். சிரித்தோம். மூன்று கட்டுரைகளையும் வாசித்து முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கதை எப்படியோ பெற்றோர் குரூப்புக்குப் போய், அங்கிருந்து பழைய மாணவர் குரூப்புக்குப் போய், இரண்டு நாள் ஊரே அடிபட்டது. ஹராம் என்றவர்கள் ஒரு பக்கம். "படம்தானே, விடுங்க" என்றவர்கள் ஒரு பக்கம். பார்க்காமலேயே பேசியவர்கள்தான் கூட. அதனால் நாங்கள் நாலு ஆசிரியர்கள் ஒரு முடிவு எடுத்தோம். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதாக இருந்தால் முதலில் பார்த்துவிட்டுச் சொல்வோம். ஒரு வியாழன் இரவு, இஷாவுக்குப் பிறகு, ஒருவருடைய வீட்டு முன் அறையில் மடிக்கணினியை வைத்துப் பார்த்தோம். ஒருவர் முக்கால் மணி நேரத்தில் எழும்பிப் போய்விட்டார். மற்ற மூன்று பேரும் கடைசி வரை இருந்தோம், இடையிடையே சுவரைப் பார்த்துக்கொண்டு.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 'பஸ்கின்' 2015இல் வந்த துருக்கி மொழிப் படம். இயக்கியவர் ஜான் எவ்ரெனோல். 2013இல் இதே பெயரில் அவரே எடுத்த குறும்படத்தைத்தான் பிறகு பெரிய படமாக்கினார். டொரொன்டோ திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சிப் பிரிவில் முதலில் திரையிட்டார்கள். பெயருக்கு அர்த்தம் 'முற்றுகை', அதாவது பொலிஸ் திடீரென்று போய்ப் பாய்வது. ஐந்து பொலிஸ்காரர்கள் இரவில் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டு, பந்தயம் பேசிக்கொண்டு, அசிங்கமான பகிடி விட்டுக்கொண்டு இருக்கிறார்கள். வயர்லெஸ்ஸில் உதவி கேட்டு அழைப்பு வருகிறது. வேனில் போகிறார்கள். வழியில் ஒரு விபத்து. பிறகு கைவிடப்பட்ட பழைய கட்டிடம் ஒன்று, ஒட்டோமான் காலத்தில் பொலிஸ் நிலையமாக இருந்ததாம். உள்ளே படி இறங்க இறங்க நரகம். ஒரு கூட்டம், அதற்கு 'பாபா' என்று ஒரு தலைவன், இரத்தம், குடல், கண். அதற்கு மேல் இங்கே எழுத முடியாது. இந்தப் பக்கத்தை எங்கள் மாணவிகளும் வாசிக்கிறார்கள்.

இனி கருத்துகள். படத்தைப் பார்த்த பொடியன்களோடும், ஊரில் படம் பார்க்கிற பழக்கமுள்ள பெரியவர்கள் சிலரோடும் பேசினோம். நாங்கள் எதிர்பார்த்த மாதிரி அவை இரண்டாகப் பிரியவில்லை.

ஒரு பழைய மாணவர், இப்போது கொழும்பில் வேலை, நல்ல சினிமா ரசனை உள்ளவர். "சேர், அந்த முதல் அரை மணித்தியாலம் மாதிரிப் பயம் நான் எந்தப் படத்திலயும் பாக்கல. கடைசிப் பகுதிதான் கெடுத்துப்போட்டான்" என்றார். அதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். வேனுக்குள் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் மாறி மாறி விழுகிறது, ரோட்டில் தவளைகள், யாருக்கும் காரணம் தெரியாமல் எல்லோர் முகத்திலும் ஒரு வேர்வை. ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் நாலு பேரும் கிட்டக் கிட்ட வந்து உட்கார்ந்துவிட்டோம். இந்தப் பயம் எங்களுக்குப் பழக்கமான பயம். கரண்ட் இல்லாத காலத்தில் கடற்கரை வாடியில் கரைவலைக்காரர்கள் கதை சொல்லும்போது இதுதான் நடக்கும். கடைசி வரைக்கும் அந்தக் கதையில் பேய் வராது. யாரோ ஒருவர் பின்னால் நடந்து வந்த சத்தம் மட்டும் வரும், திரும்பிப் பார்த்தால் மணலில் ஒரு ஆளின் காலடிதான் இருக்கும். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போக ஆள் இருக்காது.

அதற்கு நேர் எதிராகத் தரம் 11 பொடியன் ஒருவன் சொன்னான்: "சேர், முதல் பகுதி சரியான போர். நாங்க ஓட்டி ஓட்டி விட்டுப்போட்டுக் கடைசிலதான் பாத்த." அவனும் அவன் கூட்டாளிகளும் வெட்டும் இரத்தமும் வருகிற இடத்துக்கு நேராகப் போயிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் பயந்து பயந்து வந்து சேர வேண்டிய இடத்துக்கு இவர்கள் ஒரு விரலால் போய்விட்டார்கள். படம் எடுத்தவன் நல்லவனோ கெட்டவனோ, அவன் ஒரு வழி போட்டிருக்கிறான். அந்த வழியில் நடக்காமல் போனால் மிஞ்சுவது இறைச்சிக் கடைதான். அதைப் பார்த்துவிட்டு 'எனக்குப் பயம் இல்லை' என்று ஒரு பதினாறு வயசுப் பிள்ளை சொல்லும்போது, அவன் தைரியசாலி என்று நாங்கள் நினைக்கவில்லை.

மூன்றாவது கருத்து ஒரு தகப்பனுடையது. "துருக்கிப் படம் எண்டுதான் நான் ஒண்டும் சொல்லல்ல சேர். எர்துக்ருல் மாதிரி ஏதும் எண்டு நெனச்சன்."

இதைச் சொன்ன தகப்பனைக் குறை சொல்ல முடியாது. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 2020 நோன்போடு பாகிஸ்தான் தொலைக்காட்சி 'எர்துக்ருல்' தொடரை உருதுவில் போடத் தொடங்கிய பிறகு, உலகம் முழுக்க முஸ்லிம் வீடுகளில் அது ஓடியது. எங்கள் ஊரிலும் தராவீஹ் முடிந்து வந்து குடும்பமாக இருந்து பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பேர் வைத்தவர்களும் இருக்கிறார்கள். அதிலிருந்து துருக்கி என்றால் தொப்பி, குதிரை, பிஸ்மி என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. தமிழ்ப் படத்துக்கு வாப்பா கேட்கிற கேள்வியைத் துருக்கிப் படத்துக்குக் கேட்பதில்லை.

ஆனால் துருக்கியில் பயங்கரப் படம் இன்று நேற்று வந்ததல்ல. 1953இலேயே டிராகுலாவை இஸ்தான்புலுக்குக் கொண்டுவந்து ஒரு படம் எடுத்தார்கள். 1974இல் மெதின் எர்க்சான் என்கிற பெரிய இயக்குநர், அமெரிக்கர்களின் 'எக்ஸோசிஸ்ட்' படத்தை அப்படியே திருப்பி 'ஷைத்தான்' என்று எடுத்தார். சிலுவை வந்த இடங்களை மாற்றினார், பாதிரியார் தெளிக்கும் புனித நீருக்குப் பதிலாக ஸம்ஸம். கதை கிறிஸ்தவர்களுடைய கதை, சட்டை மட்டும் எங்களுடையது. பிறகு 2000க்குப் பின்னால் ஒரு பெரிய அலை வந்தது. ஹசன் கரஜாதாக் 2006இல் 'தாப்பே' எடுத்தார். 2008இல் 'செமும்'. அல்பெர் மெஸ்ச்சி 2007இல் 'முசல்லத்', 2014இல் 'சிஜ்ஜின்'. சிஜ்ஜின் மட்டும் 2019க்குள் ஆறு பாகம் வந்துவிட்டது.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். தாப்பே என்பது ஸூரா நம்லில் வருகிற தாப்பதுல் அர்ழ், கியாமத்தின் அடையாளம். ஸிஜ்ஜீன் ஸூரா முதஃப்பிஃபீனில் வருவது, தீயவர்களின் ஏடு. ஸமூம் ஸூரா ஹிஜ்ரில் ஜின்கள் படைக்கப்பட்ட நெருப்பைக் குறித்து வருகிற சொல். எல்லாம் குர்ஆனிலிருந்து எடுத்த பெயர்கள். உள்ளே கதை என்ன? சிஜ்ஜினில், மச்சான் முறையான ஒருத்தன் மேல் ஆசைப்பட்ட பெண் அவனுடைய மனைவிக்குச் சூனியம் வைக்கிறாள். தாப்பேயின் முதல் படம், ஒரு ஜப்பானியப் படத்தின் பாணியில் கியாமத்தின் அடையாளத்தை இணையத்தோடு முடிச்சுப் போட்டது. இவற்றில் பல, 'உண்மைச் சம்பவம்' என்று வேறு போட்டுக்கொண்டு வருகின்றன.

இங்கேதான் எங்களுக்கும் எங்கள் மௌலவி நண்பர் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு. அவர் சொல்கிறார், பஸ்கின்தான் மோசம், அதில் பச்சையான அசிங்கம் இருக்கிறது, தாப்பேயிலும் சிஜ்ஜினிலும் கடைசியில் ஓதுவதாவது காட்டுகிறார்களே என்று. நாங்கள் சொல்வது மாறாக. பஸ்கின் தன்னை மார்க்கம் என்று சொல்லவில்லை. அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் 'இது எங்கள் கிதாபில் இருக்கிறது' என்று நினைக்காது. அதில் வருகிற நரகம் ஒரு மனிதனின் கெட்ட கனவு. நரகம் வெளியே இருக்கிற இடமல்ல, ஆளுக்குள் சுமந்து திரிவது என்ற பொருளில் அந்தப் பாபா பேசுகிறான். எங்கள் அகீதாவுக்கு அது பொருந்தாது. ஜஹன்னம் ஒருவருடைய மனநிலை என்று நாம் நம்புவதில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை ஒரு தரம் 10 பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். விளங்கப்படுத்தியும் பார்த்தோம், விளங்கியது. ஆயத்தைப் போட்டு, ஹதீஸ் மாதிரி ஒரு குரலில் பேசி, ஜின் பிடித்த பெண் இப்படித்தான் முறுகுவாள் என்று காட்டுகிற படத்தைப் பார்த்த பிள்ளைக்கு எதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஒன்றைச் சொல்கிறோம். ஆளும் வேண்டாம், பேரும் வேண்டாம், கண்டுபிடிக்கவும் முயல வேண்டாம். சில வருடங்களுக்கு முன் எங்களிடம் படித்த ஒரு மாணவி வகுப்பில் விழுந்தாள். கை கால் இழுத்தது, கண் மேலே போனது. அன்றைக்கே வகுப்பில் பேச்சு: ஜின். இரண்டு பிள்ளைகள் ஜின் படம் ஒன்றின் துண்டைப் போனில் எடுத்து அவளுடைய உம்மாவிடமே காட்டியிருக்கிறார்கள், "இந்தா மாமி, இதே மாதிரித்தான் செஞ்சா" என்று. உம்மா பாவம், பார்வை பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனார். புகை, மந்திரித்த தண்ணீர், பிரம்பு. கிட்டத்தட்ட நாலு மாதம். பிறகு ஒரு சாச்சாதான் பிடிவாதமாகக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். வலிப்பு. குளிசை கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை ஓ.எல் எழுதினாள், இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த நாலு மாதமும் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் இல்லை. 'வீட்டு விஷயம்' என்று பேசாமல் இருந்தோம். ஆசிரியர்கள் நாங்கள்.

ஜின் இருப்பது எங்கள் ஈமான். ஜின் என்ற பேரிலேயே ஒரு ஸூரா இருக்கிறது. மஃரிபு நேரம் பிள்ளையை உள்ளே கூப்பிடுவதும், படுக்கும்போது ஆயத்துல் குர்ஸி ஓதுவதும் நபிவழி. அதையெல்லாம் யாரும் விடச் சொல்லவில்லை. ஜின் எப்படி இருக்கும், யாரைப் பிடிக்கும், பிடித்தால் கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்களுக்குக் கற்றுத் தந்தது யார்? குர்ஆனா, இஸ்தான்புலில் இருக்கிற ஒரு மேக்கப்காரனா? எங்கள் கேள்வி அதுதான்.

மேக்கப் என்றதும் ஒன்று நினைவு வருகிறது, கொஞ்சம் விலகிப் போகிறோம். பஸ்கினில் பாபாவாக வருகிற மனிதரின் முகத்தைப் பார்த்து எங்கள் பொடியன்கள் "என்ன மேக்கப் சேர்!" என்றார்கள். அது மேக்கப் அல்ல. அவர் பேர் மெஹ்மத் ஜெர்ராஹோக்லு. அரிதான ஒரு தோல் நோய் உள்ளவர். நடிப்பைத் தொழிலாகச் செய்தவரும் அல்ல, இதுதான் அவருடைய முதல் படம். இதைச் சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒருவன் மட்டும் மெதுவாக, "அப்ப அவர ரோட்டில பாத்தா ஆக்கள் பயப்படுவாங்களா சேர்?" என்று கேட்டான். அந்தப் பாடவேளையில் வேறு ஒன்றும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நோயாளியின் முகத்தை ஷைத்தானின் முகமாக வைத்தது சரியா என்பதும் ஒரு கேள்விதான். அவரே விரும்பி நடித்தார், நன்றாகவும் நடித்தார் என்பது அதற்கு ஒரு பதில். எங்களுக்குள் அது இன்னும் முடியவில்லை.

இனி பெரியவர்கள் சொன்னது.

படத்தின் தொடக்கத்தில், அந்தச் சாப்பாட்டுக் கடையில், பொலிஸ்காரர்களில் ஒருவன் கடைப் பொடியனோடு கொழுவுவான். அவன் சிரித்தது பிழை என்று பிடிப்பான், பிறகு அடிப்பான். மற்றவர்கள் தடுப்பது மாதிரித் தடுப்பார்கள், ஆனால் உண்மையில் தடுக்க மாட்டார்கள். எங்கள் பொடியன்களுக்கு அந்தக் காட்சி நினைவிலேயே இல்லை. எங்களோடு இருந்து பார்த்த, ஐம்பது தாண்டிய ஆசிரியர் ஒருவருக்கு முழுப் படத்திலும் அதுதான் தாங்க முடியாத இடம். "இது நான் பாத்தது" என்றார். சீருடை போட்டவன் ஒருத்தன் சும்மா இருக்கிறவனின் முகத்தைப் பார்த்து 'ஏன்டா சிரிச்ச' என்று கேட்கும்போது, அதற்குச் சரியான பதில் ஒன்று கிடையாது என்பதை இந்தக் கரையில் தொண்ணூறுகளில் சோதனைச்சாவடி தாண்டிப் படிக்கப் போன எல்லோருக்கும் தெரியும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸால் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும். பிறகு அந்தப் பொலிஸ்காரர்கள் நரகத்துக்குள் இறங்குவதை அவர் கொஞ்சம் திருப்தியோடு பார்த்தார் என்றே நாங்கள் நினைக்கிறோம். கேட்டதற்குச் சிரித்தார்.

எங்களில் ஒருவருடைய வாப்பா, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்க எழும்பி வந்தவர், கதவடியில் நின்று ஒரு ஐந்து நிமிடம் பார்த்தார். அது கடைசிப் பகுதி. வெட்டிக் கிழிக்கிற நேரம். அவர் முகம் மாறவில்லை. "இதில மணம் இல்ல மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு அது விளங்காமல் இருக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று அவர் இங்கேதான் இருந்தார். அது ஞாயிறு, போயா நாள், பிள்ளைகள் எல்லாம் வீட்டில். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். இலங்கையில் எந்த மாவட்டமும் அவ்வளவு இழக்கவில்லை. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கடற்கரை வீதிக்குக் கீழே வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த நாட்களில் ஜனாஸாக்களைத் தேடி எடுத்தவர்கள், கழுவ முடியாமல், கபனுக்குத் துணி இல்லாமல் பாயிலும் படங்கிலும் சுற்றி அடக்கியவர்கள் இந்த ஊரில் இன்னும் நடமாடுகிறார்கள். அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மீன் வாங்கப் போனால் சில நேரம் சும்மா திரும்பி வருவார்கள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

எங்களிடம் இப்போது படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குக் கடல் என்றால் பின்னேரம் பந்தடிக்கிற இடம். மையித்து என்றால் வெள்ளைக் கபனில் அமைதியாக வைத்திருப்பது. அந்த நிம்மதியை அல்லாஹ் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறான். அதை நாங்கள் குறை என்று சொல்லவில்லை. ஆனால் மனித உடம்பு கிழிந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் முதன்முதலில் அறிவது போனில், பம்மாத்து இரத்தத்தில், கூட்டாளியோடு சிரித்துக்கொண்டு. வாப்பாக்கள் பார்த்ததை மகன்மார் பகிடியாகப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, பெற்றோர் குரூப்பில் 'ஹராம், ஹராம்' என்று பொங்கியவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் அந்த வீடு வெடித்தபோது சத்தம் எங்கள் வீடுகளுக்கே கேட்டது. பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தோம். அடுத்த நாள் விடியும்போது உள்ளே கிடந்தவர்களின் படங்கள் எல்லோருடைய போனிலும் இருந்தன. அதில் சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். யார் அனுப்பியது? வாகன விபத்து ஒன்று நடந்தால் ஜனாஸா வீட்டுக்கு வருமுன் அதன் படம் வருகிறதே, அது எந்தக் குரூப்பில் வருகிறது? 'இன்னாலில்லாஹி' என்று மேலே எழுதிவிட்டால் கீழே எதையும் போடலாமா? துருக்கிக்காரன் காட்டியது சாயமும் ரப்பரும். நாம் அனுப்பியது யாரோ ஒருத்தியின் பிள்ளை. பஸ்கின் படத்தைக் கண்டித்து நீண்ட குரல் பதிவு போட்ட ஒருவரே கடந்த வருடம் அப்படி ஒரு படத்தை அனுப்பியவர்தான். பேர் சொல்லப் போவதில்லை. அவரும் இதை வாசிப்பார்.

எங்கள் கருத்தைக் கேட்டால்: பஸ்கின் கெட்டிக்காரத்தனமாக எடுத்த படம். முதல் பாதி உண்மையிலேயே திறமை. கதை வட்டமாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து முடிகிற விதம், கனவில் மாட்டின மாதிரி ஒரு மூச்சு முட்டலைத் தருகிறது. அது சிலருக்கு 'கதையே இல்ல' என்று படுகிறது, அதுவும் நியாயமான முறைப்பாடு, ஏனென்றால் கேட்ட கேள்விகளுக்கு அது பதில் சொல்வதில்லை. கடைசி அரை மணித்தியாலம் தேவைக்கு மேல். பயம் போய் அருவருப்பு வந்துவிடுகிறது, அருவருப்புக்குக் கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கம்தான் எங்களுக்குப் பிடிக்காதது. வளர்ந்தவர் ஒருவர், தன் மார்க்கமும் மனமும் இடம் கொடுத்தால், பார்ப்பதும் பார்க்காததும் அவருக்கும் ரப்புக்கும் இடையில். பிள்ளைகளுக்கு இது அல்ல. இதில் இரண்டு பேச்சு இல்லை. கொட்டகையில் ஓடினால் வாசலில் தடுக்க ஒரு ஆள் இருப்பான். இது போர்வைக்குள் ஓடுகிறது.

ஆனால் போனைப் பறிப்பதால் முடியும் என்று நினைக்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கொரோனா நேரம் வகுப்பு நடத்துவதற்கு நாங்களேதான் போன் வாங்கிக் கொடுக்கச் சொன்னோம். இப்போது திரும்பித் தா என்றால் எந்தப் பிள்ளை தரும்? ஒரு மாமி எங்களிடம் கேட்டார், "அப்ப என்னதான் செய்ற சேர்?" அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். அவன் பார்க்கிறதை ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். திட்டாமல். அவனுக்கு வெட்கம் வந்தால் அவனே நிறுத்துவான். வெட்கம் வராவிட்டால் பேசுவதற்கு ஒரு இடம் கிடைக்கும்.

மூன்று கட்டுரைகளையும் என்ன செய்தீர்கள் என்று குரூப்பில் பலமுறை கேட்டிருந்தீர்கள். அதிபரிடம் கொடுத்தீர்களா, கிழித்தீர்களா என்று. திருத்தினோம். புள்ளி போட்டோம். முதல் கட்டுரை யூடியூபிலிருந்து எடுத்தது, வசனமே அப்படி இருந்தது, அதற்குக் குறைந்த புள்ளி. இரண்டாவது, யாரை எப்படி வெட்டினார்கள் என்ற பட்டியல். எழுத்துப்பிழை இல்லை. அதற்கும் ஒரு நடுத்தரப் புள்ளி.

மூன்றாவது கட்டுரையில் இரத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்தின் முதல் காட்சியை மட்டும் எழுதியிருந்தான். ஒரு சின்னப் பொடியன் நடுச்சாமத்தில் எழும்புகிறான். வீட்டில் யாரும் இல்லாத மாதிரி இருக்கிறது. டிவி தானாக எரிகிறது. பயந்து ஓடிப்போய் உம்மாவின் அறைக் கதவைத் தட்டுகிறான், தட்டுகிறான், கதவு திறக்கவில்லை. "இதற்குப் பிறகு வந்தது எதுவும் எனக்குப் பயமாக இருக்கவில்லை" என்று எழுதி முடித்திருந்தான்.

அவனுடைய உம்மா குவைத்தில். போய் நாலு வருடம். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம், "போடுங்க சேர், பேரப் போடாதிங்க" என்றான். இருபதுக்குப் பதினெட்டுப் போட்டோம். கொப்பியைக் கையில் கொடுத்தபோது, உம்மாவுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பலாமா என்று கேட்டான். அனுப்பு என்றோம்.